கமலாசனி சும்மா இருந்த கதை

முத்தையன்கட்டு வாய்க்காலோரம் குடியிருக்கும் கமலாசனிக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு ஏக்கர் வயல், அரை ஏக்கர் கச்சான் கடலைத் தோட்டம், காது மந்தமான ஒரு கணவர், முப்பத்தேழு சான்றிதழ்கள். வயலும் தோட்டமும் அவளுடைய தகப்பன் வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டிச் சேர்த்தவை. கணவர் இளையதம்பி, பெரியவர்கள் சொந்தத்துக்குள் பேசி முடித்தவர். சான்றிதழ்கள் மட்டும்தான் அவளாகத் தேடிய தேட்டம்.

யுத்தம் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்தப் பக்கம் வராத நிறுவனம் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் எதையாவது கற்பித்துவிட்டுத்தான் போனார்கள். வீட்டுத் தோட்டம், காளான் வளர்ப்பு, தலைமைத்துவம், அனர்த்த முகாமைத்துவம், ஊறுகாய் போடுதல். கை கழுவுவது எப்படி என்று மட்டும் கமலாசனிக்கு ஐந்து தடவை கற்பித்திருக்கிறார்கள். முதல் தடவை, ஊர் திரும்புவதற்கு முன்பே, அகதி முகாமில். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, வெறுங்கையைத் தேய்த்துக் காட்டச் சொன்னார்கள். அவளும் தேய்த்துக் காட்டினாள். அதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு.

ஊர் மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. வேறு ஒருவருக்கும் நேரமில்லை என்பதால் பதினொரு வருடமாக அவளே தலைவி. எந்தச் செயலமர்வில் எந்தச் சொல்லைச் சொன்னால் பயிற்சி நடத்தும் வளவாளரின் முகம் மலரும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. கேள்வி எதுவாக இருந்தாலும் பதிலுக்குள் 'வலுவூட்டல்' என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டால் போதும், கைதட்டு நிச்சயம். நிறுவனங்கள் தந்த துணிப்பைகள் அலுமாரிக்குள் அடங்காமல் குசினிக்கு வந்துவிட்டன. ஒன்றில் வெங்காயம், ஒன்றில் செத்தல் மிளகாய். 'நாளைய தலைமை நாமே' என்று எழுதிய பையில் இளையதம்பி மண்வெட்டிப் பிடிகளைப் போட்டு வைத்திருந்தார்.

கடந்த தை மாதம் கிராம அலுவலர் அவளுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, வவுனியாவில ரெண்டு நாள் செயலமர்வு. இருபத்தைஞ்சு பேர் கேக்கினம். இருபத்திநாலுதான் தேறுது."

"என்ன பயிற்சி தம்பி?"

"மன அமைதி."

"அது எத்தினை மணிக்குத் தொடங்குது?"

கமலாசனி சும்மா இருக்கத் தெரியாதவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விடிய நாலரைக்கு எழும்பினால் படுக்கும் வரைக்கும் கை ஓயாது. செத்த வீட்டுக்குப் போனாலும் பந்தலடியில் உட்கார மாட்டாள், பின்பக்கம் போய்த் தேங்காய் துருவுவாள். கோயிலில் பூசை நடக்கும்போது குத்துவிளக்கின் அடியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கை வேலை செய்யாத நேரத்தில் வாய் வேலை செய்யும். அப்படிப்பட்டவளை மன அமைதிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று ஊரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வவுனியா பஸ்ஸில் ஏறினாள்.

செயலமர்வு ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. உள்ளே குளிரூட்டி. வயலில் வெயில் குடித்துப் பழகிய இருபத்தைந்து பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு நடுங்கினார்கள். முன்சுவரில் 'நிலைத்த மனம், நிலையான அபிவிருத்தி' என்று ஒரு பெரிய பதாகை. அதன் கீழே நாலு நிறுவனங்களின் சின்னங்கள். எழுத்தைவிடச் சின்னங்கள் பெரிதாக இருந்தன.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தற்போது உங்கள் மன அமைதி பத்துக்கு எத்தனை?' பக்கத்தில் இருந்த பெண் ஏழு என்று போடப் போனாள். கமலாசனி பேனாவைப் பிடித்துத் தடுத்தாள்.

"பிள்ளை, முதலே ஏழு போட்டா பிறகு எங்கை ஏறுறது? மூண்டு போடும். கடைசியில எட்டு போடலாம். அவைக்கும் சந்தோசம், எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

அந்த வரிசை முழுவதும் மூன்று போட்டது.

வளவாளர் கொழும்பிலிருந்து வந்த யதுர்ஷிகா என்ற பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். குரல் பஞ்சு போல இருந்தது. ஆளுக்கு ஒரு பிளம்ஸ் கொடுத்து, அந்த உலர்ந்த திராட்சையை உடனே விழுங்காமல், உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மணந்து, காதருகே வைத்துக் கேட்டு, ஐந்து நிமிடமாக மெல்ல வேண்டும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கமலாசனி தன்னுடையதை விழுங்கிவிட்டிருந்தாள். இரண்டாவது ஒன்று தந்தார்கள். அதை அவள் காதருகே வைத்துக் கேட்டாள். பிளம்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திட்ட இணைப்பாளர் சாருஜன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அக்கா, அப்பிடியே பிடியுங்கோ, முகத்தை இன்னும் கொஞ்சம் அமைதியா வையுங்கோ" என்று மூன்று படம் எடுத்தான்.

அடுத்தது கண்ணை மூடும் பயிற்சி.

"இப்ப நீங்கள் ஒரு கடற்கரையில இருக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் யதுர்ஷிகா. "அலை வருது, போகுது. காலுக்குக் கீழ மணல்..."

மண்டபத்தில் குளிரூட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்த சிவலட்சுமி என்ற அம்மா கண்ணைத் திறந்தார்.

"எந்தக் கடற்கரை பிள்ளை?"

"உங்களுக்குப் பிடிச்ச ஏதாவது ஒரு கடற்கரை, அம்மா."

"எங்களுக்கு ஒண்டுதான் இருக்கு" என்றார் அவர். பிறகு எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கமலாசனி கண்ணை மூடவே இல்லை. மேசைவிரிப்பின் ஓரத்தில் பிரிந்து கிடந்த நூலை விரலில் சுற்றி, அறுத்து, மறுபடி சுற்றினாள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்தக் கடற்கரையில், மணலுக்குள் வெட்டிய ஒரு பதுங்குகுழிக்கு வெளியேதான் அவளுடைய தம்பி ஜெயந்தன் தண்ணீர்க் கலனோடு விழுந்து கிடந்தான். அதற்குப் பிறகு அவள் கடலைப் பார்க்கப் போனதில்லை.

சாருஜன் முன்னால் ஓடி யதுர்ஷிகாவின் காதில் ஏதோ சொன்னான். அவளுடைய முகம் கறுத்தது. தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சரி... நாங்கள் ஒரு மலையை நினைப்பம்."

தட்டையான வன்னி நிலத்தில் பிறந்து வளர்ந்த இருபத்துநாலு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் மலை தேடினார்கள். கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தில் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் கடைசிப் படிவத்தில் எட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, சான்றிதழையும் துணிப்பையையும் சாப்பாட்டுப் பார்சலையும் வாங்கிக்கொண்டு கமலாசனி முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாரதி பாட்டைப் பெரிதாகப் போட்டிருந்தார். மாங்குளத்தில் திரும்பி, ஒலுமடுவையும் தாண்டி, இரண்டு பக்கமும் காடு வரும் இடத்தில் பஸ் ஒரு தடவை குலுங்கி, இருமி, நின்றது. பாட்டும் நின்றது.

"பெல்ட் அறுந்திட்டுது" என்றார் சாரதி. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல எஞ்சினை முறைத்தார்.

ஆட்கள் இறங்கி ரோட்டில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கமலாசனிக்கு வேறு அவசரம். ஹோட்டலில் குளிருக்குக் குடித்த தேத்தண்ணி வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. நீண்ட பயணத்தில் ஆண்கள் எந்த மரத்தையும் நம்பலாம். பெண்கள் உள்ளே போக வேண்டும். அவள் மாடு போன தடத்தில் மட்டும் காலை வைத்து, பற்றைக்குப் பின்னால் நல்ல தூரம் போனாள். கண்ணிவெடி எடுத்து முடிந்து பல வருடமானாலும் கால் அந்த வெடி அபாயப் பயிற்சியை மறக்கவில்லை. முப்பத்தெட்டு சான்றிதழில் உண்மையாக உதவியது அந்த ஒன்றுதான்.

சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தபோது ரோட்டில் ஒருவரும் இல்லை. பின்னால் வந்த தனியார் பஸ் ஒன்று எல்லோரையும் அடைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெல்ட் வாங்குவதற்காக நடத்துநரும் அதிலேயே தொங்கிக்கொண்டு போயிருந்தார். சாரதி பின் சீட்டில் காலை நீட்டி, சாரத்தால் முகத்தை மூடி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போனைத் தூக்கிப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

பஸ்ஸுக்குள் புழுங்கியது. கொஞ்சம் தள்ளி ஓடைக்கு மேலே ஒரு மதகு. அதன் மேல் மருத நிழல் விழுந்திருந்தது. போய் உட்கார்ந்தாள்.

முதலில் திட்டினாள். சாரதியை, நடத்துநரை, ஒரு மனுசி குறைகிறாளே என்று எண்ணிப் பார்க்காத அத்தனை பிரயாணிகளையும். கேட்க ஆளில்லாததால் திட்டு அதிக தூரம் போகவில்லை. பிறகு நாளைய வேலைகளை அடுக்கினாள். கச்சானுக்குப் புல்லுப் பிடுங்க வேண்டும். நெல்லுக்குள் பன்றி இறங்குகிறது, வேலி பார்க்க வேண்டும். சங்கக் கூட்ட அறிக்கை எழுத வேண்டும். அடுக்கி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். மூன்றாம் தடவை வேலிக்கு வரும்போது அடுக்கு தானாகவே விட்டுப்போனது.

கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாரி மழையின் மிச்சம், கணுக்கால் அளவு. ஒரு மருத இலை மிதந்து வந்து கல்லில் தட்டி, சுழன்று, போகாமல் நின்றது. போகுமா என்று பார்த்தாள். போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்றியது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. மதகுக் கல்லின் குளிர்மை உள்ளங்காலில் ஏறியது.

அப்போது அந்தக் கடற்கரையும் வந்தது. வழக்கமாக அது வரும்போது அவள் எழும்பி எதையாவது கழுவுவாள், முற்றத்தைக் கூட்டுவாள், யாருக்காவது போன் எடுப்பாள். பதின்மூன்று, பதினாலு வருடமாக ஊர் மெச்சிய அவளுடைய சுறுசுறுப்பு அதுதான். இங்கே கழுவ ஒன்றும் இல்லை. கூட்ட முற்றம் இல்லை. ஜெயந்தன் வந்தான். தண்ணீர்க் கலனோடு வராமல், பதினைந்து வயதில் வாய்க்காலில் குதிக்கும் முன் சாரத்தை மடித்துக் கட்டுகிறவனாக வந்தான். அவள் அவனைத் துரத்தவில்லை. கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது.

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. மடியில் இரண்டு கைகளும் மல்லாந்து கிடந்தன, அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. ஒரு மீன்கொத்தி வந்து மதகின் மறுகரையில் இருந்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து நடத்துநர் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கமலாசனியைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"ஐயோ அம்மா, நீங்கள் போகேல்லையா? தனிய என்ன செய்தனீங்கள்?"

"பாத்துக்கொண்டு இருந்தனான்."

"என்னத்தை?"

"ஒண்டையும் இல்லைத் தம்பி."

நடத்துநர் சாரதியை எழுப்பப் போனார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காட்டுப் பக்கம் தனியாக இருந்த மனுசி, பேய் ஏதாவது பிடித்திருக்குமோ என்ற பார்வை அது.

வீட்டுக்கு வந்தபோது இளையதம்பி வேலிப் படலையடியில் நின்றார்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்?"

"பஸ் பழுது."

"அப்ப என்ன செய்தனீர்?"

"சும்மா இருந்தனான்."

"ஆ?"

"சும்மா இருந்தனான் எண்டுறன்!"

காது மந்தம் என்பதால் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் முதலில் நினைத்தார். இரண்டாம் தடவையும் அதே சொல் விழுந்ததும், கிட்ட வந்து புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. ஆனாலும் அன்றிரவு கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பின்தொடர்வுக்கு என்று சாருஜன் வந்தான். கையில் ஒரு தொடுதிரை டப். அதில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

"பயிற்சிக்கு முதல் மூண்டு. இப்ப எத்தினை அக்கா?"

"எட்டுப் போடுங்கோ. ஆனா தம்பி, அது உங்கட பயிற்சியால வந்த எட்டு இல்லை. உங்கட எட்டுப் பொய். இது பஸ் பழுதானதால வந்தது."

மதகில் இருந்த விசயத்தை அவள் சொன்னாள். தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீர், இலை, மீன்கொத்தி வரைக்கும்தான். சாருஜன் டப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். 'பஸ் பழுது' என்று ஒரு தெரிவு அதில் இல்லை. கடைசியில் 'பயிற்சியில் கற்றதை நடைமுறைப்படுத்தினார்' என்ற கட்டத்தில் சரி போட்டுக்கொண்டு போனான்.

பங்குனியில் திட்டத்தின் அறிக்கை வந்தது. அட்டையில் கமலாசனி பிளம்ஸைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய கதை இரண்டு பக்கம். அதில் அவள் கணவனை இழந்தவள் என்று எழுதியிருந்தது. இளையதம்பி அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறாங்கள்" என்றார்.

அடுத்த கிழமை சாருஜன் போன் எடுத்தான். குரலில் உற்சாகம்.

"அக்கா, மேலிடத்துக்கு உங்கட கதை நல்லாப் பிடிச்சுப் போச்சு. நீங்கள் இருந்த இடத்தில ஒரு 'அமைதி இருக்கை' கட்டித் தரப் போகினம். கொங்கிறீட்டில. கூரை, பெயர்ப்பலகை எல்லாம் போட்டு. அந்த இடம் சரியா எங்கை எண்டு சொல்லுங்கோ."

கமலாசனி பதில் சொல்ல வாயெடுத்தாள். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டவள் அல்ல அவள். ஆனால் கண் முன்னே அந்த மதகு வந்தது. அதன் மேல் கொங்கிறீட், கொங்கிறீட்டின் மேல் பலகை, பலகையில் நாலு சின்னம், கீழே தண்ணீரில் சோடாப் போத்தல்கள்.

"அது வந்து தம்பி... எங்கட மில்லுச் சந்தியில."

"மில்லுச் சந்தியோ? நீங்கள் காடு, தண்ணி எண்டெல்லாம் சொன்னனீங்களே? அங்கை மில்லுச் சத்தம் காதைப் பிளக்குமே அக்கா!"

"அமைதி எண்டது மனசுக்குள்ளதானே தம்பி. நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

ஆடி மாதம் நெல் ஆலைக்கு எதிரே அமைதி இருக்கை திறக்கப்பட்டது. இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டினார்கள். முக்கியமானவர்களுக்கு மாலை போட்டார்கள். மில் முதலாளி ஒரு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே பேச்சாளர்கள் அமைதியின் மகிமையைத் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்கள். கமலாசனியைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தை மிகவும் அமைதியாக வைத்துக்கொண்டு ஏற்றினாள். தவிட்டுத் தூசு எல்லோருடைய மாலையிலும் படிந்தது.

கூட்டம் கலைந்து சிற்றுண்டிக்கு ரோல்ஸ் கொடுக்கும் நேரத்தில் யதுர்ஷிகா அவளருகே வந்தாள். தை மாதத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை.

"அம்மா, உண்மையாவே இந்த இடம்தானா?"

"சாப்பிட்டனீங்களோ பிள்ளை?"

"இல்லையம்மா. பசிக்கேல்லை. கிழமைக்கு நாலு செயலமர்வு. விடியப் பஸ்ஸில இருந்தா பின்னேரம் இன்னொரு ஊர். எல்லாருக்கும் மூச்சு விடச் சொல்லிக் குடுக்கிறன். எனக்கு நித்திரையே வாறேல்லை." சொல்லிவிட்டு அவள் வெட்கப்பட்டாள். "அண்டைக்கு அந்தக் கடற்கரைக் கதை... நான் யோசிக்காமல் சொல்லிப் போட்டன். அதை நினைச்சாலே..."

கமலாசனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பஞ்சுக் குரல் இப்போது பிய்ந்து போயிருந்தது. துணிப்பைக்குள் கைவிட்டு, அவித்த கச்சான் ஒரு பிடி எடுத்து அவளுடைய கையில் வைத்தாள்.

"இதைச் சாப்பிடும். மணந்து பாக்கத் தேவையில்லை, பசிக்குச் சாப்பிடும்."

யதுர்ஷிகா சிரித்துவிட்டாள். சாருஜன் தூரத்தில் பதாகையைக் கழற்றிச் சுருட்டுவதைக் கமலாசனி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு மில்லுச் சத்தத்தோடு சத்தமாக, பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"ஒலுமடு தாண்டி ரெண்டாவது மதகு. பெரிய மருத மரம் நிக்கும். தனிய வாரும். அவனுக்குச் சொல்லாதையும், படம் எடுக்க வந்திடுவான்."

இருக்கை வீணாகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் உட்கார்ந்து ஆலைச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைக்கிறார்கள். நெல்லுக் குத்த வருகிறவர்கள் மூட்டையை அதன் மேல் இறக்கி வைக்கிறார்கள்.

ஆவணியில் கிராம அலுவலர் மறுபடி போன் எடுத்தார். பெண் தலைமைத்துவம், கிளிநொச்சி, இருபத்துநாலு பேர்தான் தேறுது. கமலாசனி முதல் தடவையாக மாட்டேன் என்றாள். கிராம அலுவலர் பதறிப்போய் என்ன சுகயீனம் என்று கேட்டார். ஒரு சுகயீனமும் இல்லை என்றாள். கடைசியில் எண்ணிக்கையை நிரப்ப இளையதம்பியின் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு அங்கே பாதி கேட்கவில்லை. கேட்ட பாதிக்கெல்லாம் மனைவி சொல்லித் தந்தபடி 'வலுவூட்டல்' என்று பதில் சொன்னார். பலத்த கைதட்டாம். பின்னேரம் புதுத் துணிப்பையோடு வந்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒரு பெண் எப்படித் தலைமை தாங்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினார். கமலாசனி கச்சான் உடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.